படையைப் பிரிக்கும் முன்

அனிமே பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் சண்டை வராமல் இருக்காது. யார் பலசாலி என்பது சின்னப் பிள்ளைகள் போடுகிற சண்டை. கொஞ்சம் முற்றியவர்கள் வேறு கேட்பார்கள்: அந்தத் தளபதி படையை ஏன் பிரித்தான்? பிரிக்காமல் நின்றிருந்தால் ஜெயித்திருப்பானா? நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் இதை வைத்து ஒரு மணி நேரம் வாதாடுகிற பையன், மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் எட்டுப் பேர் டீமை மூன்றாக வெட்டும்போது தலையை ஆட்டிவிட்டு வருகிறான். டீக்கடையில் செலவழித்த மூளை திங்கட்கிழமை காலையில் எங்கே போகிறது?

அந்த வாதத்துக்கு ஆபீஸிலும் வேலை இருக்கிறது. பரீட்சைக்குப் படிப்பவருக்கும், வெளிநாட்டு வேலை தேடுபவருக்கும் இருக்கிறது.

முதலில் அனிமேயையே எடுத்துக்கொள்வோம். படைப் பிரிவைப் பற்றி வாதாட ‘லெஜெண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்’ போல இன்னொரு தொடர் கிடையாது. யோஷிகி தனாகா 1982 முதல் எழுதிய நாவல்கள், 1988 தொடங்கி 1997 வரை 110 எபிசோடுகளாக வந்தன. தொடக்கத்திலேயே அஸ்டார்ட்டே போர். பேரரசின் இளம் தளபதி ரைன்ஹார்ட்டிடம் 20,000 கப்பல்கள். எதிரே கூட்டணியிடம் 40,000. ஆனால் அந்த 40,000 மூன்று பக்கத்திலிருந்து மூன்று அணிகளாக வருகிறது: ஒன்றில் 12,000, ஒன்றில் 13,000, மற்றொன்றில் 15,000. ரைன்ஹார்ட்டின் கீழே இருந்த மூத்தவர்கள், சுற்றி வளைக்கப்படுகிறோம், திரும்பிவிடலாம் என்கிறார்கள். அவன் கணக்கு வேறு. மூன்று அணியும் சேர நேரம் ஆகும்; அதற்குள் ஒவ்வொன்றாகப் போய் அடித்தால் எந்த இடத்திலும் நம் பக்கம்தான் ஆள் அதிகம்.

இதைக் காகிதத்தில் சரிபார்க்கலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு சூத்திரம் எழுதினார். குறிபார்த்துச் சுட்டுக்கொள்ளும் இரண்டு படைகளின் வலு எண்ணிக்கையைப் பொறுத்து ஏறுவதில்லை, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது என்பது அதன் சாரம். 20-இன் வர்க்கம் 400. 12-இன் வர்க்கம் 144. கழித்தால் 256, அதன் மூலம் 16. அதாவது முதல் அணியை முழுவதும் அழித்தபின்பும் ரைன்ஹார்ட் கையில் 16,000 கப்பல்கள் மிஞ்சும். அதே எதிரி 40,000-மும் ஒன்றாக நின்றிருந்தால், ரைன்ஹார்ட்டின் படையை முழுசாக அழித்துவிட்டு ஏறத்தாழ 5,400 கப்பல் இழப்போடு வீட்டுக்குப் போயிருக்கும். ஆள் அதே ஆள், கப்பல் அதே கப்பல்.

கணக்குப் பிடிக்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிப்பார்கள். 16,000-ஐ வைத்து 13,000-ஐ அடித்தால் மிஞ்சுவது 9,300 சொச்சம்தான். மூன்றாவது அணியில் 15,000. சூத்திரப்படி ரைன்ஹார்ட் அங்கே தோற்க வேண்டும். கதையில் எதிரி எதிர்பாராத நேரத்தில் பாய்வதால் இழப்பு குறைகிறது. வேகம்தான் அவனைக் காப்பாற்றுகிறது. ஆகவே “பிரிந்த படை தோற்கும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. பிரிந்த துண்டுகள் ஒன்றுசேர எடுக்கும் நேரம், எதிரி ஒரு துண்டை முடிக்க எடுக்கும் நேரத்தைவிட அதிகமானால்தான் தோற்கும்.

இந்த ஒரு வாக்கியத்தை ஆபீஸுக்குக் கொண்டுபோங்கள், போதும். டீமைப் பிரிப்பது தப்பில்லை. எட்டுப் பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்ய முடியாது. கேட்க வேண்டியது இதுதான்: ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கத்து ஆள் வந்துசேர எத்தனை நாள் ஆகும்? சாஃப்ட்வேர் வேலை என்றால், பேமெண்ட் பகுதியைப் பார்க்கிறவனுக்கு ரிப்போர்ட் பகுதியின் கோடு தெரியுமா? தெரியாது என்றால், அவன் பழகிக்கொள்ள இரண்டு வாரம். வாடிக்கையாளர் கொடுத்த கெடு ஒரு வாரம். இது அஸ்டார்ட்டேயேதான். எண்ணிக்கையில் எட்டுப் பேர் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். தீப்பிடித்த இடத்தில் இருப்பது இரண்டு பேர்.

கூட்டணி இவ்வளவு பெரிய தவறை ஏன் செய்தது என்பது இன்னும் சுவாரசியம். கதைக்குள்ளேயே அதற்கு 156 வருடத்துக்கு முன்னால் டாகோன் என்ற இடத்தில் இதேபோல் வளைத்து அடித்துப் பெரிய வெற்றி பெற்றிருக்கிறார்கள். அந்த வெற்றியைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். “போன வருஷம் இப்படித்தான் பண்ணினோம், ஓடிச்சே” என்று மேனேஜர் சொல்கிறபோது உங்களுக்கு டாகோன் ஞாபகம் வரட்டும். போன வருஷம் ஓடியதற்குக் காரணம் திட்டமா, அல்லது அன்றைக்கு எதிரே இருந்தவன் சோம்பேறியா என்று யாராவது பார்த்தார்களா?

இனி யாங் வென்லி. மூன்றாவது அணியில் உட்கார்ந்திருக்கும் இளைய அதிகாரி. பிரிந்து போவதிலுள்ள ஆபத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறான். ரொம்பப் பயப்படுகிறாய் என்று மேலதிகாரி தள்ளிவிடுகிறார். இன்னொரு அணியில் அவனுடைய நண்பன் லாப்பும் எச்சரிக்கிறான். அவனுடைய தளபதியும் காதில் வாங்குவதில்லை. இரண்டு பேருமே சரியாகச் சொன்னவர்கள். லாப் தன் கப்பலோடு சாகிறான். யாங் பிழைக்கிறான், தன் அணியையும் பிழைக்க வைக்கிறான். அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் யாங் ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்து வைத்திருந்தான்: தன் யோசனை தள்ளப்பட்டபின், நிலைமை கெட்டால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டத்தை ஒவ்வொரு கப்பலின் கணினியிலும் முன்பே ஏற்றி வைத்திருந்தான். மேலதிகாரி காயப்பட்டு விழுந்து பொறுப்பு இவன் கைக்கு வந்ததும் நீண்ட உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. திறந்து பாருங்கள் என்று சொன்னால் போதுமாயிருந்தது.

அந்தத் திட்டம் என்ன தெரியுமா? படையைப் பிரிப்பது! ரைன்ஹார்ட் நடுவே பிளந்துகொண்டு வருகிறான். பிளக்க விட்டுவிடு, பிளந்த இரண்டு பாதியும் அவனுடைய இரு பக்கமாக ஓடிப் பின்னால் போய்ச் சேரட்டும். முன்னால் போகிற ரைன்ஹார்ட் திரும்ப முடியாமல் சுற்றி வர, இரண்டு படையும் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கிற வளையமாகி, கடைசியில் இருவரும் விலகிப் போகிறார்கள். ஒரே போரில் ஒரே கூட்டணி இரண்டு தடவை பிரிந்தது. முதல் தடவை அழிந்தது, இரண்டாம் தடவை தப்பியது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று இரண்டாம் தடவை ஒவ்வொரு கப்பலுக்கும் தெரிந்திருந்தது.

‘நருட்டோ’ ரசிகர்கள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார்கள். நான்காம் நிஞ்சா பெரும்போரில் 80,000 பேர் கொண்ட கூட்டுப்படையை ஐந்து பிரிவாகப் பிரித்தார்களே, அது ஜெயித்ததே என்று. ஜெயித்தது, காரணமும் இருக்கிறது. ஐந்து கிராமத்துக்கு ஐந்து பிரிவு என்று போடவில்லை. கிட்ட நின்று அடிப்பவர் ஒரு பக்கம், தூரத்திலிருந்து அடிப்பவர் ஒரு பக்கம் என்று வித்தையைப் பார்த்துப் பிரித்து, எல்லாக் கிராமத்தாரையும் கலந்து வைத்தார்கள். நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில். சேல்ஸ் ஆட்கள் தனி, டெலிவரி ஆட்கள் தனி என்று பிரித்து, இருவரும் ஒருவரையொருவர் குறைசொல்லி மெயில் போட்டுக்கொண்டிருக்கும் கம்பெனிகளில் இதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டலாம்.

அதைவிட முக்கியம், தலைமையகத்திலிருந்து இனோய்ச்சி என்ற நிஞ்சா மனதோடு மனதாக எல்லாப் பிரிவுக்கும் சேதி அனுப்பிக்கொண்டே இருந்தார். வியூகம் வகுத்த ஷிக்காக்கு, தலைமையகம் அழியப்போகிறது என்று தெரிந்த கடைசிக் கணத்திலும் திட்டத்தைப் போர்க்களத்திலிருந்த மகனுக்குச் சொல்லிவிட்டுத்தான் சாகிறார். பிரிந்த படைக்குச் சோற்றைவிட முதலில் வேண்டியது சேதி.

நம் குமரி மாவட்டத்தில் இதை அனிமேயில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பகுதிகளின் ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுத் தொலைவில் பரவி நின்றன. கரையில் எச்சரிக்கை வந்த நேரத்தில் அவர்கள் வயர்லெஸ் எட்டும் தூரத்தில் இல்லை. சாட்டிலைட் போன் கொடு என்று அதற்குப்பின் மீனவர்கள் கேட்டதற்கு அர்த்தம் இதுதான்: நாங்கள் பிரிந்து போகத்தான் வேண்டும், அதுதான் தொழில், எங்களை எட்டுகிற குரல் ஒன்று வேண்டும். வெளியூர் கிளையில் ஆளைப் போட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுகிற முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும்.

குளச்சல் போரையும் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர் சும்மா விடமாட்டார்கள். நல்ல மிளகு விளையும் சிறு நாடுகளைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வர, டச்சுக் கம்பெனிக்கு வியாபாரம் போகிற பயம். 1741 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் முழுமூச்சாக இறங்கியது. அங்கிருந்து தலைநகரான கல்குளம், அதாவது பத்மநாபபுரம், சுமார் 15 கிலோமீட்டர். திருவிதாங்கூர் படையின் பெரும்பகுதி அப்போது வடக்கே. டச்சுக்காரர் கையில் நல்ல வாய்ப்பு: எதிரி பிரிந்திருக்கிறான், தலைநகர் பக்கத்தில். ரைன்ஹார்ட் அங்கே இருந்திருந்தால் அன்றே கல்குளத்தில் நின்றிருப்பான்.

நடந்தது வேறு. மன்னர் தெற்கே விரைந்து வந்து கல்குளத்தில் ஆள் திரட்டினார். டச்சுக்காரர் பின்வாங்கிக் குளச்சல் கரையில் அரண் கட்டி உட்கார்ந்தார்கள். கொச்சியிலிருந்த அவர்களுடைய நிர்வாகம் ஜாவாவிலிருந்த தலைமையிடமான பத்தேவியாவிடம் துணைப்படை கேட்டது. பத்தேவியா அனுப்பும் நிலையில் இல்லை. 1740-இல் அங்கே நடந்த சீனர் படுகொலையைத் தொடர்ந்து ஜாவா முழுவதும் போர் பற்றிக்கொண்டிருந்தது. ஆனி, ஆடியில் குளச்சல் கடல் எப்படி இருக்கும் என்று கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் வந்து உதவுவது அந்தப் பருவத்தில் லேசில்லை. ஆகஸ்டில், அரணுக்குள் விழுந்த குண்டு வெடிமருந்தைப் பற்றவைத்து அரிசி இருப்பையும் எரித்ததும் சரணடைந்தார்கள். உலகக் கணக்கில் டச்சுக் கம்பெனி திருவிதாங்கூரைவிடப் பல மடங்கு பெரியது. ஜாவாவில் இருந்தது, இலங்கையில் இருந்தது, கொச்சியில் இருந்தது. குளச்சல் மணலில் மட்டும் போதுமான அளவு இல்லை. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறோம் என்ற தெம்பில் சிறிய போட்டிக்காரனை அலட்சியம் பண்ணுகிறவர்களுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் குளச்சல் வெற்றித் தூண் கிடைக்கும்.

அங்கே பிடிபட்ட டிலனாய் கதை தனிப் பாடம். தோற்ற படையின் அதிகாரி. மார்த்தாண்ட வர்மா அவரிடமே தன் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். வலிய கப்பித்தான் ஆனார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார். 1777-இல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டை இருக்கும் புலியூர்க்குறிச்சிக்குப் போய்வரலாம். ஒரு கம்பெனியின் தோல்வி உங்கள் கைத்தொழிலின் தோல்வி ஆகாது. ஹெச்ஆர் ஆட்களும் போகலாம்: மூடிப்போன கம்பெனியிலிருந்து வந்த ரெஸ்யூமேயை ஓரம் தள்ளும் பழக்கம் உள்ளவர்கள் முக்கியமாக.

இனி உங்கள் சொந்தப் படை. ஒருவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் மணி நேரம்தான் அது. இந்த மாவட்டத்தில் அதை மூன்று நான்காகப் பிரிக்காத இளைஞர் அபூர்வம். டிஎன்பிஎஸ்சியும் எழுதுவேன், வங்கித் தேர்வும் எழுதுவேன், எஸ்எஸ்சியும் போட்டுவைப்பேன் என்பார்கள். இதில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வங்கி அதிகாரித் தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலம், கணிதம், ரீசனிங். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத்தில் இதே மூன்றோடு பொது அறிவு. இந்த இரண்டும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் அணிகள். ஒன்றுக்குப் படித்தது மற்றதற்கு ஓடிவரும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் 200 கேள்விகளில் 100 தமிழ். அந்த 100 உங்களுக்கு வங்கித் தேர்வில் ஒரு மார்க்கும் தராது. ஆனால் குரூப் 2 முதல்நிலைக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் உதவும். ஆகவே குரூப் 4-உம் குரூப் 2-உம் ஒரு முகாம், வங்கியும் எஸ்எஸ்சியும் ஒரு முகாம். ஒரு முகாமைப் பிடித்துக்கொண்டு அதற்குள் எத்தனை தேர்வு வேண்டுமானாலும் எழுதுங்கள். இரண்டு முகாமிலும் ஒரே வருடத்தில் கால் வைப்பவர்களில் தேறுகிறவர்களும் இருக்கிறார்கள்தான்; அவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகாமல், வீட்டுச் செலவைப் பற்றிக் கவலைப்படாமல் படிக்க வசதி உள்ளவர்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் திட்டம் போடக்கூடாது.

நர்சிங் முடித்தவர்களுக்கு இது இன்னும் கடினம். ஜெர்மனிக்குப் போக மொழித் தேர்வு, பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, இங்கேயே எய்ம்ஸுக்கு நார்செட் தேர்வு. மூன்றும் மூன்று திசை. ஜெர்மன் இலக்கணம் ஓஇடியில் எழுதும் கடிதத்துக்கு உதவாது. இரண்டும் நார்செட்டின் பாடக் கேள்விகளுக்கு உதவாது. இரவு டியூட்டி பார்த்துக்கொண்டு மூன்றையும் ஆறு ஆறு மாதம் தொட்டுத் தொட்டு விட்டவர்கள் கையில் மூன்று அரைகுறை இருக்கும். மொழி, விடவிட மறக்கிற விஷயம், அது காத்திருக்காது. ஜெர்மன் என்றால் ஜெர்மன், தேர்வு எழுதி முடிக்கும்வரை வேறு புத்தகத்தைத் தொடாதீர்கள். நார்செட் முதலில் என்றால் அதை முடித்துவிட்டு மொழிக்குப் போங்கள். ரைன்ஹார்ட் செய்தது அதுதான்: மூன்றையும் அடித்தான், ஒவ்வொன்றாக. எதை முதலில் என்றால், அவனைப்போலவே சீக்கிரம் முடிகிறதை முதலில்.

வீட்டில் “எல்லாத்தையும் எழுதிப் போடு மக்களே, ஏதாவது ஒண்ணு கிடைக்கும்” என்பார்கள். அன்பினால் சொல்வது. ஃபீஸ் கட்ட முடிந்தால் விண்ணப்பம் போடுங்கள், அவர்கள் மனம் கோணாது. படிப்பது ஒன்றாக இருக்கட்டும்.

கடைசியாக மீட்டிங். வாயைத் திறப்பது எப்படி?

“சார், இப்படிப் பிரிச்சா சரியா வராது” என்று ஆரம்பிக்காதீர்கள். யாங்கின் மேலதிகாரி மாதிரி, பயந்தவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள். கேள்வியாகக் கேளுங்கள்: “சார், பேமெண்ட் பக்கம் பிரச்சினை வந்தா ரிப்போர்ட் டீம்ல இருந்து யார் வருவா? வந்து கையில எடுக்க எத்தனை நாள் ஆகும்?” நாள் கணக்கு கேட்டால் பதிலும் நாள் கணக்கில் வர வேண்டும். அவருக்கே பதில் தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே திட்டத்தின் ஓட்டை தெரிந்துவிடும். நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. அடுத்த கேள்வி: “எந்தக் கட்டத்துல எல்லாரும் திரும்ப ஒண்ணு சேர்றோம்? அதை யார் சொல்வா?” டீமைப் பிரிக்க ஆள் இருக்கும், திரும்பச் சேர்க்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கென்று பல இடத்தில் எழுதியே வைத்திருக்கமாட்டார்கள்.

கேட்டபின்பும் தள்ளிவிட்டால் தள்ளிவிடட்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தோற்றபின் “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லக் காத்திருப்பவனை எந்த டீமும் மதிக்காது. கூட்டம் முடிந்த அன்றே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எது நடந்தால் நிலைமை கெட்டதாக அர்த்தம், கெட்டால் முதல் நாள் யார் எதை விட்டுவிட்டு எங்கே வர வேண்டும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது. மேனேஜருக்கு ஒரு காப்பி, டீமில் எல்லாருக்கும் ஒரு காப்பி. அவர் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. மாதத்தில் ஒரு நாள் பக்கத்து டீமின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் வேலையை அவர்களுக்குக் காட்டுங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். டீ குடிக்கிற நேரம் போதும்.

பிரிக்கிற அதிகாரம் உங்கள் கையிலேயே இருந்தால், இரண்டு பேருக்குக் குறைவான துண்டு எதையும் விடாதீர்கள். ஒருவர் லீவு போட்டால் அங்கே பூஜ்யம்.

அஸ்டார்ட்டே போர் அந்தத் தொடரின் முதல் இரண்டு எபிசோடுகளில் முடிந்துவிடுகிறது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்த வார மீட்டிங்குக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு, டீக்கடைக்குக் கொண்டுபோக நினைத்த அந்தக் கேள்வியை மீட்டிங்கில் கேளுங்கள்.